மெடூசாவின் "உண்மையான" கதை எது? மகள் கேட்ட கேள்விக்கு விடை தேடுகிறேன்

கொன்றை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வருவதைப் படித்துவிட்டுப் போவதே என் வழக்கம். இன்று கேட்க ஒன்று இருக்கிறது.

மகள் ஓவியக் கல்லூரியில் முதலாண்டு. மெடூசாவை வரைந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாம்புக் கூந்தல், பார்த்தவரைக் கல்லாக்கும் பார்வை, பெர்சியஸ் தலையை வெட்டியது, இந்த அளவுக்கு எனக்கும் தெரியும். ஆனால் அவள் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றைக் காட்டினாள். மெடூசா பேரழகியாம், அதீனாவின் கோயிலில் பூசாரினியாம். கடல் தெய்வம் போசைடன் அந்தக் கோயிலிலேயே அவளைப் பலாத்காரம் செய்தானாம். அதீனா அவனை ஒன்றும் செய்யாமல் இவள் கூந்தலைப் பாம்பாக்கினாளாம். "இதுதான் உண்மையான கிரேக்கக் கதை, மற்றதெல்லாம் மறைக்கப்பட்டது" என்று முடித்திருந்தார்கள். அதன் கீழேயே இன்னொருவர், அதீனா தண்டிக்கவில்லை, இனி எந்த ஆணும் நெருங்க முடியாதபடி பாதுகாப்புத்தான் கொடுத்தாள் என்று எழுதியிருந்தார்.

மகள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "தப்பு செஞ்சது அவன். தண்டனை ஏன்மா இவளுக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. முதலில் கதை எது என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, உங்கள் மகளின் கேள்வி பெரிது. அதற்கு முன், அந்தச் செய்தியில் வெவ்வேறு காலத்துச் சரக்கு ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துவிடுவோம்.

நமக்குக் கிடைப்பதில் பழைய விவரம் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடிய தெய்வங்களின் பிறப்பு வரலாற்றில் வருகிறது. சுமார் கி.மு. 700. கார்கன்கள் மூன்று சகோதரிகள்: ஸ்தென்னோ, யூரியாலி, மெடூசா. மற்ற இருவருக்கும் மூப்பும் இல்லை, சாவும் இல்லை. மெடூசா மட்டும் சாகப் பிறந்தவள். அவளைப் பற்றி "துயரம் பட்டவள்" என்று ஒரு சொல்லை வைத்துவிட்டு, கருங்கூந்தல் தெய்வம் (போசைடன்தான்) மென்மையான புல்வெளியில், வசந்தகாலப் பூக்களுக்கு நடுவில் அவளோடு படுத்தான் என்கிறார் ஹெசியட். கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. பெர்சியஸ் தலையை வெட்டியதும் பெகாசஸ் என்ற குதிரையும் கிரைசாவோர் என்பவனும் வெளியே வந்தார்கள். அவ்வளவுதான்.

கோயிலில் நடந்ததும், கூந்தல் பாம்பானதும் ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியது. உருமாற்றங்கள் பற்றிய அவருடைய நெடுங்காவியம், நான்காம் புத்தகம், கடைசிப் பகுதி. காலம் கி.பி. 8ஐ ஒட்டி. இரண்டுக்கும் இடையில் 700 ஆண்டு இருக்கிறது.

அவள் பூசாரினி என்பது ஓவிட்டிலும் இல்லை. அதீனா பாதுகாப்புக் கொடுத்தாள் என்பது எந்தப் பழைய நூலிலும் இல்லை. அது நம் காலத்தவர் ஆறுதலுக்காகக் கண்டுபிடித்த வாசிப்பு. அந்த ஆறுதலைத் தேடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பழங்கதை என்று சொல்லிப் பரப்பக் கூடாது.

---

முகில்வண்ணம் எழுதியது:

அப்படியென்றால் விஷயம் முடிந்ததே ஐயா. ஹெசியட் கிரேக்கர், காலத்தால் மூத்தவர். அவர் சொன்னது மூலக்கதை. ஓவிட் வேற்று நாட்டார், வேற்று மொழியார், 700 ஆண்டு கழித்து வந்தவர். அவர் சேர்த்தது இடைச்செருகல். நம் நூல்களுக்கு ஓலை ஓலையாக ஒப்பிட்டுப் பாடம் தேடுகிறோம். கிரேக்கருக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாமா? மெடூசா பிறவியிலேயே அரக்கி. அதை ஒப்புக்கொள்ளாமல் ஆளாளுக்கு அழகியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

நீலக்குடை எழுதியது:

முகில், பாடம் தேடுவது ஒரு நூலுக்குப் பொருந்தும். இது ஒரு நூல் இல்லை. ஓவிட் வரும் முன்னரே கிரேக்கர்கள் தாங்களே அவள் முகத்தை மாற்றிவிட்டார்கள். பானைகளைப் பாருங்கள்.

பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய மண்சாடி இருக்கிறது. பியோஷியா நாட்டில் செய்தது, கி.மு. 7ஆம் நூற்றாண்டு. அதில் மெடூசாவுக்குப் பெண்ணின் உடல், பின்னால் குதிரையின் உடல்! பாம்பே இல்லை. பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுத்தை அறுக்கிறான். அதே நூற்றாண்டில் எலியூசிஸ் ஊர் சாடியில் கார்கன்களின் தலை கொப்பரை மாதிரி இருக்கிறது. மூலமுகம் என்று எதைச் சொல்வீர்கள்?

கொர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்புச் சிற்பம் சுமார் கி.மு. 580. 1911இல் தோண்டி எடுத்தார்கள். மூன்று மீட்டர் உயரத்துக்குக் கிட்ட நிற்கிறாள். முழங்கால் மடித்து ஓடும் நிலை, இடுப்பில் இரண்டு பாம்புகள் முடிச்சிட்ட கச்சை, பிதுங்கிய கண், கோரைப்பல், தொங்கும் நாக்கு. அது கண்ணேறு கழிக்கும் முகம். கேடயத்தில், கவசத்தில், கோயில் நெற்றியில் அதை வைத்தது பயமுறுத்தத்தான். மது குடிக்கும் கிண்ணத்தின் உள்ளே அடியிலும் வரைந்தார்கள். குடிக்கக் குடிக்க மது வற்றி, கடைசி மிடறில் அவள் முகம் மேலே வரும். எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்!

பிறகு கி.மு. 490இல் பிண்டார் என்ற கவிஞர், குழல் போட்டியில் வென்ற ஒருவனைப் பாடும்போது "அழகிய கன்னத்து மெடூசா" என்கிறார். கி.மு. 450க்கும் 440க்கும் இடைப்பட்ட ஒரு ஏதென்ஸ் ஜாடி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு சாதாரண இளம்பெண் குன்றோரம் அசந்து தூங்குகிறாள். பெர்சியஸ் மெல்ல வந்து கத்தியை வைக்கிறான். சிறகு இல்லாவிட்டால் அவள் கார்கன் என்றே தெரியாது. வரைந்தவனுக்கு அவள்மேல் இரக்கம் இருந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஓவிட் பிறப்பதற்கு 400 ஆண்டு முன்னால்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நீலக்குடை பிண்டாரைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். அதே பாட்டில்தான் குழலிசை பிறந்த கதை வருகிறது. மெடூசா செத்துக் கிடக்கும்போது அவள் அக்காள் யூரியாலி அழுகிறாள். பாம்புகளும் சேர்ந்து சீறுகின்றன. அந்த ஒப்பாரியைக் கேட்ட அதீனா, அதை அப்படியே பிடித்து இரட்டைக் குழலுக்கு ஒரு பண்ணாக்கினாள். அதற்குப் "பல தலைப் பண்" என்று பெயரிட்டு மனிதருக்குக் கொடுத்தாள்.

பெர்சியஸின் கொலைக்கு உதவிய அதீனாவே அந்த அழுகையிலிருந்து இசை செய்கிறாள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

---

கொன்றை எழுதியது:

இவ்வளவும் எனக்குப் புதிது, நன்றி. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கிறேன். பண் பிறந்த கதையைக் கேட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை.

அவளுடைய கேள்விக்குத் திரும்புகிறேன். அப்படியானால் "தண்டனை ஏன் இவளுக்கு" என்பது ஓவிட்டைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. அவர் அதற்கு ஏதாவது சொல்கிறாரா? அது நியாயம் என்று நினைத்துத்தான் எழுதினாரா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஓவிட் நேராக எதையும் சொல்வதில்லை. யார் வாயில் எந்தக் கதையை வைக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

காட்சி இது. பெர்சியஸ், ஆண்ட்ரோமிடாவைக் கடற்பூதத்திடமிருந்து மீட்டு மணக்கிறான். கல்யாண விருந்து நடக்கிறது. சாப்பிட்டு முடித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது, தலையை எப்படி வெட்டினாய் என்று கேட்கிறார்கள், சொல்கிறான். பிறகு விருந்தாளி ஒருவர், சகோதரிகளில் இவளுக்கு மட்டும் ஏன் பாம்புக் கூந்தல் என்று கேட்கிறார். "கேட்க வேண்டிய விஷயந்தான்" என்று தொடங்கிப் பெர்சியஸ் பதில் சொல்கிறான். பெரிய அழகி, பலர் அவளை மணக்க ஆசைப்பட்டார்கள், அழகிலெல்லாம் அழகு அவள் கூந்தல், அதைப் பார்த்ததாகச் சொன்ன ஒருவரை நானே சந்தித்திருக்கிறேன். கடலின் தலைவன் மினர்வாவின் (ரோமானியருக்கு அதீனா மினர்வா) கோயிலில் அவளைக் கெடுத்தானாம். தேவி முகத்தைத் திருப்பித் தன் கண்ணைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டாளாம். அது தண்டனை இல்லாமல் போய்விடக் கூடாது என்று கூந்தலைப் பாம்பாக்கினாளாம்.

மொத்தமே பத்துப் பதினைந்து வரி. அவள் பட்ட பாட்டை நமக்குச் சொல்வது அவளைக் கொன்றவன். கல்யாண வீட்டில். விருந்தாளியின் ஆவலைத் தீர்ப்பதற்காக. அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆனால் ஓவிட் அதோடு விடவில்லை. ஆறாம் புத்தகத்துக்குப் போங்கள். ஆராக்னி என்ற நெசவுக்காரப் பெண் மினர்வாவோடு போட்டிக்கு உட்காருகிறாள். தேவி தன் துணியில் தெய்வங்களின் மகிமையை நெய்கிறாள். ஆராக்னி நெய்வது தெய்வங்கள் உருமாறி வந்து பெண்களை ஏமாற்றிய கதைகள், ஒன்றன்பின் ஒன்றாக. அந்த வரிசையில் நெப்டியூனும் (ரோமானியருக்குப் போசைடன் நெப்டியூன்) வருகிறான். பறவை உருவில் வந்த அவனைப் பாம்புக் கூந்தலாள், பறக்கும் குதிரையின் தாய், அறிந்தாள் என்று ஒரு வரி. அது மெடூசா! இந்தத் துணிக்கு ஓவிட் கொடுக்கும் பெயர் "விண்ணவரின் குற்றங்கள்".

மினர்வா பார்க்கிறாள். வேலைப்பாட்டில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. துணியைக் கிழிக்கிறாள். கையில் இருந்த நெசவுக் கட்டையால் ஆராக்னியின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடிக்கிறாள். அந்தப் பெண் தூக்கு மாட்டிக்கொள்ள, தேவி அவளைச் சிலந்தியாக்குகிறாள்.

கோயிலில் கண்ணை மறைத்துக்கொண்ட அதே தேவிதான் அம்மா. மறைத்த அந்தக் காட்சியை ஒரு பெண் நெய்து முன்னால் வைத்ததும் கிழித்துவிட்டாள். உங்கள் மகளின் கேள்வியை ஓவிட் ஆராக்னியின் கையில் கொடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம். ஆகஸ்டஸ் சக்கரவர்த்தி ஓவிட்டைக் கருங்கடல் ஓரத்துத் தோமிஸ் ஊருக்கு நாடுகடத்தியதும் இதே கி.பி. 8இல். "ஒரு கவிதை, ஒரு பிழை" என்று மட்டும் காரணம் சொல்லிக்கொண்டு அங்கேயே செத்தார்.

---

செம்பருத்தி எழுதியது:

ஐயா, கண் கலங்கிவிட்டது. ஒரு சொல்லை மட்டும் கேட்க வேண்டும். "கெடுத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். லத்தீனில் என்ன இருக்கிறது? நான் படித்த கல்லூரியில் இந்தப் பகுதியை நடத்தியபோது "காதலித்தான்" என்று தாண்டிப் போனார்கள். எழுந்து கேட்டதற்கு, புராணத்துக்கு இதெல்லாம் பார்க்கக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். பத்து வருடமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

லத்தீனில் இருப்பது "விட்டியாஸ்ஸே". பண்டம் கெடுவது, பழுதாவது என்பதற்கு உள்ள வினை. பெண்மீது வந்தால் அவளைப் பழுதாக்குவது. நம் "கெடுத்தான்" அந்த இரண்டு பொருளையும் அப்படியே சுமப்பதால்தான் அதைப் போட்டேன். காதல் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. நீங்கள் எழுந்து கேட்டது சரிதான்.

---

செம்பருத்தி எழுதியது:

நன்றி ஐயா. அந்தச் சொல்லிலேயே தண்டனை தொடங்கிவிடுகிறது என்று தோன்றுகிறது. செய்தவன் கெட்டவன் ஆவதில்லை, அவள்தான் "கெட்டுப்போனவள்". லத்தீனிலும் அப்படி, தமிழிலும் அப்படி. நான் இனி எழுதும்போது வன்கொடுமை என்றே எழுதுவேன், ஆனால் ஓவிட்டை மொழிபெயர்க்க உங்கள் சொல்தான் சரி.

---

நீலக்குடை எழுதியது:

கொன்றை அக்கா, மகள் ஓவியம் படிப்பதால் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் பற்றிச் சொல்ல வேண்டும். நான் 2 நாள் இருந்தேன், பாதி நேரம் மெடூசாவோடு போயிற்று.

உஃபீசி அருங்காட்சியகத்தில் காரவாஜியோ வரைந்தது இருக்கிறது, 1597ஐ ஒட்டி. அது சட்டமிட்ட படம் இல்லை. பாப்லர் மரத்தில் செய்த குவிந்த கேடயம், அதன்மேல் துணி ஒட்டி வரைந்தது. வெட்டுப்பட்ட அந்த நொடி. வாய் திறந்திருக்கிறது, கழுத்திலிருந்து இரத்தம் கோடு கோடாக இறங்குகிறது, கண் நம்மைப் பார்க்காமல் கீழே ஒருபக்கம் பார்க்கிறது. பலகை முன்னால் புடைத்திருந்தாலும் தலை உள்ளே குழிந்த கேடயத்தில் தெரிவதுபோல நிழல் போட்டிருக்கிறார். பக்கத்தில் போனால்தான் தெரியும், அவள் முகத்தில் இருப்பது கோபம் இல்லை, பயம். எல்லோரையும் பயமுறுத்த வந்த முகம் 2,000 ஆண்டு கழித்துத் தானே பயப்படுகிறது! கார்டினல் தெல் மோந்தே இதைப் பிளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆயுதசாலையில் வைத்தார்கள்.

அங்கிருந்து வெளியே வந்தால் சதுக்கம். லோஜியா மண்டபத்தில் செல்லினியின் வெண்கலப் பெர்சியஸ். கோசிமோ மெடிசி 1545இல் வேலை கொடுத்து 1554இல் திறந்தது. தலையை உயர்த்திப் பிடித்திருக்கிறான், காலடியில் அவள் உடம்பு மடிந்து கிடக்கிறது. கழுத்திலிருந்தும் தலையிலிருந்தும் இரத்தம் கொத்துக் கொத்தாக வெண்கலத்தில் உறைந்திருக்கிறது. எதிரே மைக்கேலாஞ்சலோவின் தாவீது (இன்று அங்கே நிற்பது நகல்), பந்தினெல்லியின் ஹெர்குலிஸ், இரண்டும் சலவைக்கல். மெடூசாவின் தலையைப் பார்த்துத்தான் அவர்கள் கல்லானார்கள் என்று நின்ற இடத்திலேயே தோன்றிவிடும். தன் பகையான பந்தினெல்லியின் சிலையையும் செல்லினி இப்படித் தன் கதைக்குள் இழுத்துக்கொண்டார்.

இன்னொன்று, மகளைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெர்சியஸ் முகமும் மெடூசா முகமும் ஏறத்தாழ ஒன்று. அதே மூக்கு, அதே தாழ்ந்த இமை.

---

வார்ப்புப்பட்டறை எழுதியது:

வணக்கம். எங்க வீட்டுல மூணு தலைமுறையா சிலை வார்ப்பு. புராணம் எனக்கு அதிகம் தெரியாது, ஆனா செல்லினி எழுதிவெச்ச வார்ப்புக் கதையை மொழிபெயர்ப்புல படிச்சிருக்கேன். அதைச் சொல்லாம இருக்க முடியல.

அந்தச் சிலையை ஒரே தடவைல ஊத்த முடியாதுன்னு கோசிமோவே சந்தேகப்பட்டாரு. தூக்கின கை, அதுல தொங்குற தலை, அவ்வளவு தூரம் உலோகம் ஓடணும். ஊத்துற அன்னிக்கு செல்லினிக்குக் கடுமையான காய்ச்சல், படுத்துட்டாரு. ஒரு ஆள் வந்து வேலை கெட்டுப்போச்சுன்னு சொல்றான். எழுந்து ஓடிப் பாத்தா உலைக்குள்ள குழம்பு கட்டி தட்டிப்போயிருக்கு. காய்ஞ்ச கருவாலி விறகா வாங்கிப் போட்டு எரிக்கிறாரு. கூரை பத்திக்கிது. உலையோட மூடி வெடிச்சுத் திறந்துக்குது. குழம்பு ஓட மாட்டேங்குது. வீட்டுல இருந்த வெள்ளீயத் தட்டு, கிண்ணம் எல்லாம், சுமார் 200, ஒவ்வொண்ணா உள்ள போடச் சொன்னாரு. குழம்பு இளகி அச்சு நிறைஞ்சுது.

தொழில் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அதிக சூட்டுல வெள்ளீயம் எரிஞ்சு போயிடும், செம்பு மட்டும் நின்னா கூழா நிக்கும், ஓடாது. வெள்ளீயம் சேத்தா உருகுற சூடும் குறையும், ஓட்டமும் வரும். காய்ச்சல்ல கிடந்த மனுசனுக்கு அந்த நேரத்துல அது தோணுச்சு பாருங்க, கையில தொழில் இருக்கவனுக்குத்தான் வரும். நாங்க மெழுகுல உரு செஞ்சு, வண்டல் மண் பூசி, குழியில புதைச்சு ஊத்துறோம். எங்க சிலை உள்ள முழுசும் உலோகம், அவரோடது உள்ள வெற்றிடம் விட்டது. அது இன்னும் கஷ்டம். கடைசில வலது கால் விரல்ல கொஞ்சம் மட்டும் நிறையலயாம். எனக்கும் ஒரு நடராசர்ல சடை நுனி நிறையாம போயிருக்கு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

---

முகில்வண்ணம் எழுதியது:

வார்ப்புப்பட்டறை அண்ணனுக்கு வணக்கம். உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

நீலக்குடை, ஐயா, மூலம் என்ற சொல்லை நான் விட்டுவிடுகிறேன். குதிரை உடம்பு மெடூசாவின் படத்தைத் தேடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு வாதாட மனம் வரவில்லை. ஆனால் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். எந்தக் காலத்தவர் எதைச் சொன்னார் என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் மெடூசா பெர்சியஸின் தலையைப் பிடித்து நிற்பதுபோலச் சிலை வைத்தார்களே, அதைப் பற்றி இங்கே என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

---

செம்பருத்தி எழுதியது:

லூசியானோ கர்பாட்டி செய்தது. அர்ஜென்டினாவில் பிறந்த சிற்பி. 2008இல் செல்லினியை மனத்தில் வைத்து, அதைத் திருப்பிப் போட்டுச் செய்தார். வெண்கலத்தில் ஏழடி உயரத்துக்கு வார்த்து 2020 அக்டோபரில் மன்ஹாட்டனில் ஒரு சிறு பூங்காவில் வைத்தார்கள். எதிரே குற்றவியல் நீதிமன்றம். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன்மேல் பாலியல் வன்கொடுமை வழக்கு நடந்த கட்டடம். அதனால்தான் அந்த இடம்.

அப்போதே பெண்கள் பலர் கேள்வி கேட்டார்கள். வன்கொடுமை செய்தவன் போசைடன். தலை போனது பெர்சியஸுக்கு. குற்றவாளி இங்கேயும் தப்பித்துக்கொண்டான்! அந்த உடம்பும் ஆணின் கண்ணுக்குப் பிடித்த மாதிரி வழவழப்பாக இருக்கிறது என்றார்கள். இரண்டும் நியாயம்.

ஆனாலும் ஒன்று என்னைத் தொட்டது. செல்லினியின் பெர்சியஸ் தலையை ஊருக்குத் தூக்கிக் காட்டுகிறான். இவள் காட்டவில்லை. கை கீழே தொங்குகிறது, தலை தொடையருகே இருக்கிறது. வென்ற முகம் இல்லை, இனி வேறு வழியில்லை என்ற முகம். நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்குப் போய் வந்த பெண்களிடம் நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். என் வேலை அப்படி.

இதற்கு முன்னால் 1975இல் எலேன் சிக்சூ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதிய கட்டுரைதான் என்னைப் பொறுத்தவரை பெரிய திருப்பம். மெடூசாவைக் காண நேராகப் பார்த்தால் போதும், அவள் கொல்பவள் இல்லை, அழகாக இருக்கிறாள், சிரிக்கிறாள் என்றார். உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் 1922இல் எழுதிவைத்த குறிப்பில் அந்தத் தலை ஆணின் அச்சத்துக்கு அடையாளம் மட்டுமே. அந்தத் தலைக்கு உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இடையில் இரண்டு கவிஞர்களை விட்டுவிட்டோம், சுருக்கமாகச் சொல்கிறேன். தாந்தேயின் நரகப் பயணத்தில் ஒன்பதாம் காண்டம். கோட்டை மேலிருந்து சினத் தேவதைகள் "மெடூசா வரட்டும், இவனைக் கல்லாக்குவோம்" என்று கத்துகிறார்கள். வழிகாட்டியான வெர்ஜில் தாந்தேயைத் திருப்பி நிறுத்தி, கண்ணை மூடிக்கொள் என்கிறார். அவனுடைய கைமேல் நம்பிக்கை வைக்காமல் தன் கையையும் அதன்மேல் வைத்து மூடுகிறார். மெடூசா கடைசிவரை வரவில்லை. வராமலே பயமுறுத்துகிறாள்.

500 ஆண்டு கழித்து, 1819இல், ஷெல்லி அதே பிளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மெடூசா ஓவியத்தின் முன் நின்றார். தரையில் மல்லாந்து கிடக்கும் தலை. அப்போது அது லியோனார்டோ வரைந்தது என்று நம்பினார்கள். இன்று பிளெமிஷ் ஓவியர் ஒருவருடையது என்கிறார்கள். பார்ப்பவனைக் கல்லாக்குவது அவள் கொடூரம் இல்லை, அவள் அழகு என்று பாடினார். கண்ணை மூடியவரும் கண்ணை எடுக்க முடியாதவரும்.

---

கடற்காகம் எழுதியது:

கப்பலில் வேலை பார்க்கிறேன். ஏதென்ஸ் பக்கம் பிரேயஸ் துறைமுகத்தில் கிரேக்க மாலுமி ஒருவர் கையில் கடற்கன்னி பச்சை குத்தியிருந்தார். பெயர் கேட்டேன். "கொர்கோனா" என்றார். இன்றைய கிரேக்க மொழியில் கடற்கன்னிக்கு அந்தச் சொல்தான், கார்கன் என்பதிலிருந்து வந்தது.

அவர் சொன்ன கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்ததாம். அலெக்சாந்தரின் தங்கை சாகாமல் கடலில் கொர்கோனாவாகத் திரிகிறாள். கப்பலைப் பிடித்து நிறுத்தி, "அலெக்சாந்தர் அரசன் இருக்கிறானா?" என்று கேட்பாள். "இருக்கிறான், ஆள்கிறான்" என்று சொன்னால் கடல் அடங்கும். செத்துவிட்டான் என்றால் கப்பல் மிஞ்சாது. அண்ணனுக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கடலில் இருப்பவனுக்கு இன்னொன்றும் தெரியும், பவளம். பெர்சியஸ் கைகழுவும்போது அந்தத் தலை மணலில் நசுங்கிவிடக் கூடாது என்று இலையும் கடற்பாசியும் பரப்பி அதன்மேல் வைத்தான் என்றும், பாசி கல்லாகிப் பவளமானது என்றும் ஓவிட் சொல்கிறாராமே? நீருக்குள் குச்சி, காற்றுப் பட்டால் கல் என்று. விசிறி மாதிரி விரியும் ஒருவகைப் பவளத்துக்கு இன்றைக்கும் கார்கோனியா என்றுதான் பெயர்.

---

முகில்வண்ணம் எழுதியது:

கடற்காகம், ஆமாம், நான்காம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பவளம் நம் கரைக்கு வந்தது தெரியுமா? ரோமானியர் இந்திய முத்தை மதிக்கும் அளவுக்கு இந்தியர் பவளத்தை மதிக்கிறார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதுகிறார். அதே நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளஸ், முசிறிக்கு வரும் சரக்குகளில் பவளத்தையும் சொல்கிறது. மிளகு அங்கே போயிற்று, மத்தியதரைக் கடலின் செம்பவளம் சேரநாட்டுக்கு வந்தது. ஓவிட் வாழ்ந்த உலகம் அதை மெடூசா தொட்ட கல்லாகப் பார்த்தது. இங்கே அணிந்தவர்களுக்கு அந்தக் கதை கூட வந்ததா என்பதற்குச் சான்று எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் நான் மேலே போகமாட்டேன். கல் வந்தது உறுதி.

---

கொன்றை எழுதியது:

ஒரு வாரமாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். மகள் வரைந்துகொண்டிருந்தாள்.

முதலில் முகம் வரைந்தாள், மூன்று முறை, மூன்றையும் எடுத்து வைத்துவிட்டாள். இப்போது வரைவது ஆராக்னியின் துணி. நடுவில் கிழிந்து தொங்குகிறது. கிழிசலின் ஒரு பக்கம் பறவையின் இறக்கை, மறுபக்கம் பாம்புக் கூந்தல், இரண்டும் சேரவேயில்லை. ஓரத்தில் நெசவுக் கட்டை பிடித்த கை மட்டும் தெரிகிறது. கீழ்க்கரையில் செம்பவளக் கொடி. கடற்காகம் தம்பிக்கு அதைச் சொல்லச் சொன்னாள்.

கொர்ஃபு சிற்பத்தின் படத்தை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறாள். நேற்று ராத்திரி கேட்டாள்: "அம்மா, தலை இன்னும் கழுத்துலதான் இருக்கு. பிள்ளைங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள பக்கத்துல நிக்கிறாங்களே?" நானும் அப்போதுதான் கவனித்தேன். ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் பையன். செத்த பிறகு பிறந்தவர்களைச் சிற்பி ஏன் உயிரோடு இருக்கும் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்? பெகாசஸ் பற்றி நிறைய இருக்கிறது. அந்தப் பையனைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்கிறாள். ஐயா, உங்களுக்குத் தெரியுமா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒரு கதையின் முன்னையும் பின்னையும் ஒரே கல்லில் வைப்பார்கள் அம்மா. இவள் யார் என்று கேட்டால், இவர்களின் தாய் என்பதும் பதிலில் சேர வேண்டும். அதனால் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அந்தக் கோயில் முகப்பில் பெர்சியஸ் இல்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

பையன் பெயர் கிரைசாவோர். பொன் வாள் என்று பொருள். கையில் வாளைப் பிடித்தபடியே பிறந்தான் என்கிறார் ஹெசியட். பிற்காலத்துக் கவிஞர்கள் அவனை அதிகம் தொடவில்லை. ஓவியம் முடிந்ததும் இங்கே ஏற்றுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.